தாயே மூடு, பாயே மூடு: இது எந்த மொழி?

பத்தாம் மாடிப் பேத்தி (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவைப் பெற்ற பாட்டி 1994இல் தவறிப்போனார். கடைசி இருபது வருஷம் எங்களோடு ஆயர் ஈத்தாமில், ரைஃபிள் ரேஞ்சு ஃபிளாட்டில் பத்தாவது மாடியில் இருந்தார். பிள்ளைகள் நாங்கள் நாலு பேர், குளியலறை ஒன்று. பள்ளிக்கூட நாளில் காலை ஆறு மணிக்கு அடிதடி நடக்கும். பாட்டி அடுப்படியிலிருந்து வந்து ஒரு அதட்டல் போடுவார். வரிசையாக நின்றுவிடுவோம்.

அப்புறம்தான் வேடிக்கை. "தாயே மூடு" என்பார், ஒரு பக்கம் திரும்ப வேண்டும். "பாயே மூடு" என்றால் மறுபக்கம். "பீச்சே மூடு" என்றால் முழுசாகப் பின்னால். இந்த மூன்றாவதைக் கேட்டால் என் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்காது, அதற்கென்றே தினம் ஒரு குட்டு வாங்குவான். கடைசியில் "தம்!" என்று ஒரு சத்தம். தம் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். யார் முதலில் மூச்சு விடுகிறாரோ அவர் கடைசியில் குளிக்க வேண்டும்.

தாயே மூடு என்றால் எங்கள் அம்மாவை வாயை மூடச் சொல்கிறார், பாயே மூடு என்றால் படுத்த பாயைச் சுருட்டச் சொல்கிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். பீச்சே மூடுக்கு நாங்கள் வைத்திருந்த அர்த்தத்தை இங்கே எழுத முடியாது.

போன மாதம் பழைய படங்களை ஸ்கேன் செய்யலாம் என்று எடுத்தேன். பாட்டியின் கல்யாணப் படம், 1946. அதில் பின்னல் இடுப்புவரை தொங்குகிறது. அம்மா பார்த்துவிட்டு, "அது சவுரிடி. அப்போ பாட்டிக்குத் தோள்வரைக்கும்தான் முடி, காய்ச்சல்ல கொட்டிப்போச்சாம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் மனசு சும்மா இல்லை. காய்ச்சலில் கொட்டிய முடி எப்படி அவ்வளவு நேராகத் தோளோடு நின்றிருக்கும்?

பாட்டி பிறந்து வளர்ந்தது சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பன்னிரண்டு வயதிலேயே பால் வெட்டப் போனவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி இரண்டே விஷயம் சொல்வார். ஒன்று, "அண்ணன் சயாம் போனான், வரல." இன்னொன்று, மரவள்ளிக்கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கேம்புல நமக்குச் சோறு உண்டு" என்பார். எந்தக் கேம்பு என்று கேட்டால், "சிங்கப்பூர்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் வேலை வாங்கிய கேம்பு என்றே வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஆக, பாட்டி பேசியது ஜப்பானிய மொழியா? அந்த மொழி தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


செந்தூல் வாத்தியார் (கோலாலம்பூர்)

அம்மா, அது ஜப்பானிய மொழி இல்லை. இந்துஸ்தானி. தாஹினே முட், பாயே முட், பீச்சே முட். வலப்பக்கம் திரும்பு, இடப்பக்கம் திரும்பு, பின்னால் திரும்பு. ராணுவ அணிவகுப்புக் கட்டளைகள். அந்த ‘ட்’ நாக்கை மடித்துச் சொல்வது, ‘ர்’ போலவும் ‘ட்’ போலவும் கேட்கும். தோட்டத்துக் காதுக்கு அது ‘மூடு’தான்.

உங்கள் பாட்டி இருந்தது ஜான்சி ராணிப் படையின் முகாமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்களுக்கென்று இருந்த படை அது. உறுதியாகச் சொல்வதற்கு முன்னால் ஒரு சோதனை. ‘தாயே மூடு’ என்றால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள்? யோசித்து எழுதுங்கள். வலப்பக்கம் என்றால் என் சந்தேகம் பாதி தீர்ந்தது.

நான் இப்படி எழுதக் காரணம் என் பெரியம்மா. அவரும் அதே முகாம்தான். 1983இல் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, முதல் மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு கேசட் ரெக்கார்டர் வாங்கி அவரைப் பேச வைத்தேன். இரண்டு கேசட். ஒன்று பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, இன்னொன்று இன்னும் ஓடுகிறது. அதில் பாதிக்கு மேல் கோழி கூவும் சத்தம்தான். மிச்சத்தில் இருந்து சொல்கிறேன்.

நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலை 2. வந்த பத்தே நாளில், ஜூலை 12 அன்று நடந்த பெண்கள் கூட்டத்தில் இருபது பெண்கள் கையில் துப்பாக்கியோடு அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்தார்கள். அவர்களைத் திரட்டியவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1940இல் சிங்கப்பூர் வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். பின்னாளில் லட்சுமி சேகல் என்ற பெயரில் 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றாரே, அவரேதான். அக்டோபர் 21 நேதாஜியின் தற்காலிகச் சுதந்திர இந்திய அரசான ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டது, மறுநாளே சிங்கப்பூரில் பெண்கள் முகாம் திறந்துவிட்டார்கள்.

படைக்கு 1858இல் போரில் இறந்த ஜான்சி ராணி லட்சுமிபாயின் பெயர். சேர்ந்த ஒவ்வொருத்திக்கும் பட்டம் ‘ராணி’. பெரியம்மா அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார். "கங்காணி வாயில அடி, புடின்னு கேட்டுப் பழகின காதுக்கு ராணின்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்?"

தோட்டத்துப் பெண்களுக்கு விடியற்காலையில் எழுவதும் வரிசையில் நிற்பதும் புதிதில்லை. பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுத்தானே மரம் வெட்டப் போவார்கள்? இங்கேயும் பெரட்டு. ஆனால் தோளில் பால் வாளி சுமக்கும் காண்டாக் கம்புக்குப் பதிலாக ரைஃபிள். நாலு கிலோ கனம். இரண்டு வாளிப் பால் சுமந்த தோளுக்கு அது ஒன்றும் பெரிசில்லை என்பார் பெரியம்மா. பட்டணத்துப் படித்த பெண்கள்தான் முதல் வாரம் அழுதார்களாம். காக்கி உடுப்பு, துப்பாக்கி, குத்தீட்டி, கையெறி குண்டு, முதுகில் மூட்டையோடு நெடுநடை, இருட்டில் நடை, மாலையில் இந்துஸ்தானி வகுப்பு. கட்டளை எல்லாம் இந்துஸ்தானி என்பதால் எழுதத் தெரிந்தவர்கள் ரோமன் எழுத்தில் எழுதிப் படித்தார்கள். தெரியாதவர்கள் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் பாட்டி மாதிரி.

முடி விஷயம் எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. முகாமில் பலர் முடியைக் கத்தரித்துக்கொண்டார்கள். பயிற்சிக்கு நடுவில் இடுப்புவரைக்கும் முடியை எண்ணெய் வைத்துப் பின்ன ஏது நேரம்? 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் சிங்கப்பூரில் இருந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1946 கல்யாணத்துக்குத் தோள்வரை வளர்ந்திருக்கும். கணக்குச் சரியாக வருகிறது.


ரயில்வேக்காரன் (கிள்ளான்)

வாத்தியாரின் பதிவு அருமை. ஜான்சி ராணிப் படைதான் உலகத்திலேயே முதல் பெண்கள் படை என்று எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. தமிழச்சிகள் செய்த சாதனை, அனைவரும் பகிருங்கள்.

ஆனால் ஒன்று சொல்லுவேன், கோபிக்காதீர்கள். எங்கள் தாத்தா தோட்டத்தில் இருந்தவர். அவர் சொல்வார், நேதாஜி, சுதந்திரம் என்பதெல்லாம் படித்தவர்களுக்கு, தோட்டத்துச் சனம் சோற்றுக்குத்தான் கேம்புக்குப் போனது என்று. இந்த அக்காவின் பாட்டியே சோறு என்றுதானே சொல்லியிருக்கிறார்?


செந்தூல் வாத்தியார் (கோலாலம்பூர்)

தம்பி, முதலில் அந்த வாட்ஸ்அப். 1917லேயே ரஷ்யாவில் மரியா போச்கரியோவா என்ற பெண், பெண்களை மட்டும் சேர்த்து ஒரு பட்டாளம் அமைத்து முதல் உலகப் போரில் போர்முனைக்கே கொண்டு போனார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் படைகளில் இருந்த பெண்கள் எட்டு லட்சம். அவ்வளவு தூரம் போவானேன், சிவகங்கை வேலு நாச்சியார் படை திரட்டி 1780இல் சீமையை மீட்டவர். நம் பெண்களைப் பெருமைப்படுத்த ‘உலகத்தில் முதல்’ என்ற பொய் தேவையில்லை. பர்மாவுக்குப் போன ராணிகள் அங்கே மேமியோ என்ற ஊர்வரை போய்க் காத்திருந்தார்கள், ஆஸ்பத்திரிகளில் காயம்பட்டவர்களைப் பார்த்தார்கள். இம்பால் முனையில் அவர்களைச் சண்டைக்கு இறக்கவில்லை. அதையும் சேர்த்தேதான் நான் வகுப்பில் சொல்வேன். ஒரு பையன், "அப்போ சும்மாதானா சார்?" என்றான். நான் அவனுக்குத் திரும்பி வந்த கதையைச் சொன்னேன். 1945 ஏப்ரல் 24 இரவு நேதாஜியும் ராணிகளும் ரங்கூனை விட்டுக் கிளம்பினார்கள். வண்டிகள் சேற்றில் சிக்கின, மேலே விமானங்கள், சித்தாங் ஆற்றைக் கடந்து மோல்மீன் பக்கம் பெரும்பாலும் ராத்திரி நடைதான். நேதாஜியும் கூடவே நடந்தார். முன்பே ரயிலில் அனுப்பிய குழு வழியில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு ராணிகள் செத்துப்போனார்கள். சும்மா இருந்தவர்களுக்கு இதெல்லாம் நடக்காது.

சோறு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தாத்தா சொன்னது பொய் இல்லை. அரிசி கிடைக்காத காலம். தோட்டத்து ஆண்களை ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள், ஆயிரம் ஆயிரமாய்த் திரும்பி வரவில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மிஞ்சியது பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும். ஜப்பான் சிப்பாய் வந்தால் வயசுப் பெண்கள் எங்கே ஒளிவது? அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு இடத்தில் சோறும் இருக்கிறது, கையில் துப்பாக்கியும் கொடுக்கிறார்கள், ராணி என்றும் கூப்பிடுகிறார்கள். போன காரணத்தை ஒன்று ஒன்றாக நறுக்கி எடை போட நம்மால் முடியுமா? பெரியம்மாவிடம் நானும் இதே கேள்வியைக் கேட்டேன், கேசட்டில் இருக்கிறது. "சோத்துக்கும் போனேன், ரோஷத்துக்கும் போனேன், உனக்கு எது வேணுமோ எழுதிக்க" என்றார். அதற்கு அப்புறம் ஒரு கோழி.

எனக்கு வேறொரு ஆதங்கம். கோலாலம்பூரில் நேதாஜி பேசிய கூட்டத்துக்கு சைக்கிளில் போய்க் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த பதினெட்டு வயது ஜானகியை எல்லாருக்கும் தெரியும். பிறகு அவர் ஜானகி ஆதி நாகப்பன், 1946இல் ம.இ.கா. என்ற இந்தியர் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், மேலவை உறுப்பினர், இந்தியாவின் பத்மஸ்ரீ பெற்றவர். ஈப்போவிலிருந்து பதினாறு வயதில் அக்காவோடு சேர்ந்த ராசம்மா நவரத்தினத்தைத் தெரியும். ராசம்மா பூபாலன் என்ற பெயரில் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்களுக்கும் ஆண்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று சங்கம் வைத்துப் போராடியவர். இருவரும் மரியாதைக்குரியவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படையில் பெரும்பாலானவர்கள் தோட்டத்துப் பிள்ளைகள், இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். அவர்கள் திரும்பி வந்து மறுபடி காண்டாக் கம்பைத் தூக்கினார்கள். பேட்டி எடுக்க யாரும் லயத்துக்கு வரவில்லை.

அவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஐ.என்.ஏ. வீரர்களுக்கு சிங்கப்பூர் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் கட்ட 1945 ஜூலை 8 அன்று நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்ததும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. கல்லுக்கே அந்தக் கதி என்றால், மறுபடி அதே வெள்ளைக்காரத் துரையிடம் பேர் கொடுத்து வேலைக்கு நிற்கும் பெண், "நான் உன்னைச் சுடப் பயிற்சி எடுத்தவள்" என்று சொல்வாளா?


மூன்று மாத சிப்பாய் (கெப்பாளா பத்தாஸ்)

அக்கா, உங்கள் பதிவைப் படித்துச் சிரித்துவிட்டு அப்புறம் கண் கலங்கிவிட்டது. நான் 2007 பி.எல்.கே.என். பிள்ளை, அதாவது மலேசிய அரசாங்கத்தின் தேசிய சேவைப் பயிற்சிக்குப் போனவள். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு என் பெயர் வந்தது, எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான். மூன்று மாதம். என் அம்மா பஸ் ஏறும்வரை அழுதார். அங்கே எம்16 சுட விட்டார்கள், நான் சுட்டதில் பாதி பக்கத்துப் பிள்ளையின் அட்டையில் விழுந்திருந்தது.

எங்களுக்குக் கட்டளை மலாயில். "செடியா!" என்றால் நேராக நில், "கெ கானான், பூசிங்!" வலப்பக்கம், "கெ கிரி, பூசிங்!" இடப்பக்கம். வீட்டுக்கு வந்து தம்பி தங்கைகளை வரிசையில் நிற்க வைத்து இதையே கத்துவேன். "செடியா" என்றால் என் சித்தி மகன் வாசலில் இருக்கும் துளசிச் செடியைப் பார்ப்பான். உங்கள் வீட்டுக் கதையேதான்!

வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் பெண்ணை வீட்டிலிருந்து எப்படி விட்டார்கள்? எனக்கு அரசாங்கக் கடிதம் வந்ததால் போனேன், இல்லையென்றால் எங்கள் அப்பா கேட் தாண்ட விட்டிருக்க மாட்டார்.


செந்தூல் வாத்தியார் (கோலாலம்பூர்)

நல்ல கேள்வி மகளே. சேருவதற்கு அப்பாவோ கணவரோ சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஜானகியின் அப்பாவையே டாக்டர் லட்சுமி வீட்டுக்கு வந்து பேசித்தான் சம்மதிக்க வைத்தார் என்பார்கள். என் பெரியம்மா வீட்டில் தாத்தா மாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தோட்டத்துக் கணக்கரான கிராணியைக் கூப்பிட்டு எழுதச் சொல்லி, கட்டை விரலை உருட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பத்திரமா இருக்கும்னா போ" என்றாராம். பாருங்கள், துப்பாக்கி எடுக்கும் இடம் லயத்தைவிடப் பத்திரம் என்று ஒரு தகப்பன் நினைத்த காலம் அது.

பேத்தியம்மா, அந்தச் சோதனைக்கு இன்னும் பதில் வரவில்லையே?


பத்தாம் மாடிப் பேத்தி (பினாங்கு)

மன்னிக்கவும் ஐயா, நாலு நாள் ஆகிவிட்டது. சும்மா நினைவிலிருந்து எழுதினால் நீங்கள் சொன்னதற்கு ஏற்றமாதிரி மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயம். அதனால் உங்கள் பதிவைப் படிக்காத என் அண்ணனைப் பிடித்தேன். ஜோகூரில் இருக்கிறான், வயது அறுபது தாண்டிவிட்டது. வீடியோ அழைப்பில் ஒன்றும் சொல்லாமல், "எழுந்து நில்லு, குளியலறைக் கதவைப் பார்த்து நிக்கிறதா நெனச்சுக்க" என்றேன். "தாயே மூடு!" என்றேன்.

மனுஷன் யோசிக்கவே இல்லை. டக்கென்று வலப்பக்கம் திரும்பினான். பாயே மூடுக்கு இடப்பக்கம். பீச்சே மூடுக்குச் சிரித்துக்கொண்டே பின்னால். திரும்பிய பிறகுதான், "எதுக்குடி இதெல்லாம்?" என்று கேட்டான். வலப்பக்கம் சாமி மேடை, இடப்பக்கம் ஜன்னல். அம்மாவிடமும் தனியாகக் கேட்டேன், ‘தாயே’ சாமிப் பக்கம்தான் என்றார்.

பிறகு அம்மாவுக்கு நீங்கள் எழுதியதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்க தாத்தாவுக்குத் தெரியும்" என்றார். கேம்பில் இருந்த பெண் என்றால் ஊரில் நாலு விதமாய்ப் பேசுவார்கள் என்று, சம்பந்தம் பேசும்போதே முடிக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னது தாத்தாதானாம். சவுரி வாங்கி வந்ததும் அவர்தான், பட்டவொர்த்திலிருந்து. அம்மாவுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது, எது கேம்பு என்பது மட்டும் தெரியவில்லை. "காய்ச்சல் இல்லேன்னு தெரியும்டி, கேக்கக் கூடாதுன்னும் தெரியும்" என்றார். எழுபத்தேழு வயது அம்மாவிடம் இதற்கு மேல் என்ன சண்டை போடுவது?

வாத்தியார் ஐயா, அந்த ஓடுகிற கேசட்டை நானும் ஒரு தடவை கேட்க முடியுமா? கோழிச் சத்தம் பரவாயில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு செந்தூலுக்கே வருகிறேன். பெரியம்மா சொல்லும் பெயர்களில் எங்காவது சுங்கை பட்டாணித் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வருகிறாளா என்று பார்க்க வேண்டும்.

ஒன்று விட்டுப்போச்சு. ‘தம்’ என்றால் என்ன?


செந்தூல் வாத்தியார் (கோலாலம்பூர்)

தாராளமாக வாருங்கள் அம்மா. சனிக்கிழமை காலையில் வந்தால் மத்தியானம் எங்கள் வீட்டிலேயே சாப்பாடு. கேசட்டை அதற்குள் ஒரு தடவை சுற்றி வைக்கிறேன், பாதியில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன, அதையும் உட்கார்ந்து தேடுவோம்.

‘தம்’ என்றால் நில். நடந்து வருகிறவர்களை நிறுத்தும் கட்டளை. அவ்வளவுதான்.


பத்தாம் மாடிப் பேத்தி (பினாங்கு)

அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். பதில் வந்திருக்கிறது: "அப்போ மூச்சு விட்டிருக்கலாமா?"